ரயில் போய் நிற்க ஓர் ஆலை

ராசா
மலாயா, 11 பிப்ரவரி 1951

அன்புத் தங்கை யூஜினியாவுக்கு, அண்ணன் ஆர்தர் ஆசையோடு எழுதுவது.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளை காப்ரியலும் என் மருமகள் ஜெனவீவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். வெட்டிய இடம் ஆறிவிட்டது. கக்கத்தில் கட்டை வைத்து ஸ்டேஷன் வரை போய் வருகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் பெஞ்சில் இடம் விட்டு, தேத்தண்ணீர் வாங்கித் தருகிறார்கள். ரயில் வந்ததும் ஏறிப் போய்விடுகிறார்கள். பச்சைக் கொடியை இப்போது எனக்குப் பதில் வேறொரு கார்டு காட்டுகிறான். போன வருடம் தண்டவாளத்தைப் பெயர்த்து எங்கள் வண்டியைக் கவிழ்த்த கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் எங்கேயோ நல்ல கால்களோடு நடந்துகொண்டிருப்பார்கள். போகட்டும்.

சீமைக்குத் திரும்பிய ரயில்வே துரை தன் மகனுடைய பொம்மை ரயிலை எனக்கு விட்டுப்போனார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? சிரிக்காதே. பழைய கதவொன்றை மேசையாக்கி அதன்மேல் தண்டவாளம் முழுவதும் போட்டுவிட்டேன். சாக்குத் துணியில் பசை தடவி மலை செய்தேன். பாலம்கூட இருக்கிறது. சாவி கொடுத்தால் ரயில் அழகாக ஓடுகிறது. ஆனால் சும்மா சுற்றிச் சுற்றி வருகிறது. ஏற்றவும் ஒன்றுமில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை. என்னைப் போலத்தான். அந்த ரயில் போய் நிற்க ஓர் ஆலை வேண்டும். உங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையையே வைக்கலாம் என்று தோன்றியது.

துரை கொடுத்த பெட்டியில் வெட்டி ஒட்டும் அட்டைக் கட்டடங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்துக் கிராமத்து ஸ்டேஷன். இன்னொன்று இஞ்சின் கொட்டகை. சொன்னபடி ஒட்டினால் இங்கிலாந்துதான் வரும். நான் இரண்டையும் துண்டு போட்டு, இதன் சுவரை அதன் கூரையோடு சேர்த்து, மைலோ டின்னில் புகைபோக்கி செய்து, மூன்றாவதாக ஒரு கட்டடம் ஆக்கப்போகிறேன்.

மாப்பிள்ளை அந்த ஆலையின் இஞ்சினை ஓட்டுகிறவர். அவருக்குத் தெரியாத மூலை இராது. ஆலையை அளந்து ஒரு படம் போட்டு அனுப்பச் சொல். ஆலை மட்டும் போதாது. சுற்றி என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் குறிக்கச் சொல்.

மருமகளுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
ஆர்தர்


மாதா துணை
ஈஜோக்
25 பிப்ரவரி 1951

அன்புள்ள அண்ணாவுக்கு, யூஜினியா எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தில் மருமகளுக்கு ஒரு வரி, ஆலைக்கு ஒரு பக்கம். அவளுக்கு முன்பல் விழுந்ததை நான் எழுதியிருந்தேன். அதைப் பற்றி மாமா ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று உங்களோடு 'டூ' விட்டிருக்கிறாள். அடுத்த கடிதத்தில் சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு முடித்துவிட்டார்கள். வெளியே போக ஒரே ஒரு கேட். போகும்போதும் வரும்போதும் உடம்பைத் தடவிச் சோதிக்கிறார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சோற்றை வெளியே விடுவதில்லை. ரப்பர்ப் பாலுக்காகப் பால் மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். அடுத்த வீட்டு காளியம்மா அக்கா நேற்று கேட்டில் நின்று, "கட்டுன புருசனுக்கு ஒரு உருண்டை சோறு கொண்டு போறது குத்தமா?" என்று அழுதார். வேலை வாங்குகிற மண்டோர் சன்னாசிதான் சமாதானம் சொல்லி அழைத்து வந்தார்.

உங்கள் மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். அவருக்குத்தான் எழுத்து தெரியாதே, கடிதத்தை நான் வாசிக்கக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு, "மச்சான் சும்மா ஆள் இல்லலா! நம்ம ஸ்டோர மேசை மேல வைக்கப் போறாரு!" என்றார். இங்கே ஆலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு அளக்கப் போய்விடுகிறார். வீட்டுக்கு வந்தால் பாயில் குப்புறப் படுத்துப் படம். ஜெனவீவ் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை.

நேற்று எட்டிப் பார்த்தேன். காவலுக்கு நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிளின் கூண்டைக்கூடப் போட்டிருந்தார். "இது எதுக்கு?" என்று கேட்டேன். "சுத்தி இருக்குற அத்தனையும்னு மச்சான் எழுதியிருக்காரு. ஒன்ன விட்டா கேப்பாரு" என்றார்.

அண்ணா, இஞ்சின் நின்றால்தான் அவரைத் தேடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று அவரைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதற்காக உங்கள் ஓரவஞ்சனையை மன்னித்தேன்.

படம் முடிந்ததும் ஈஜோக் கடைத்தெருவுக்குப் போகும்போது தபாலில் போடுவார். ஈஸ்டருக்கு வருவீர்கள்தானே?

உங்கள் தங்கை,
யூஜினியா


ராசா
13 மார்ச் 1951

அன்புத் தங்கைக்கு,

முதலில் மருமகளுக்கு: பல் விழுந்த ராஜாத்தியே, மாமா காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பல்லைக் கூரைமேல் எறிந்தாயா?

படம் இன்னும் வந்து சேரவில்லை. மாப்பிள்ளை அதற்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாரோ? என்னால் பொறுக்க முடியாமல் நான் வெட்டத் தொடங்கிவிட்டேன். ஸ்டேஷனின் நீளச் சுவர் இரண்டையும் முனையோடு முனை ஒட்டினேன். செங்கல் வரிசை செங்கல் வரிசையோடு சரியாகப் போய்ச் சேர்ந்தது. இணைப்புத் தெரியாமல் ஒரு தண்ணீர்க் குழாய் வரைந்து மறைத்துவிட்டேன். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலை அடைத்தாகிவிட்டது. இஞ்சின் கொட்டகையின் கூரையை உயர்த்தி வைத்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஆலைதான்.

இந்த ஒரு மாதமாக நான் காலையில் எழுந்திருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது, யூஜினியா. விபத்துக்குப் பிறகு இப்படி இருந்ததில்லை. மாப்பிள்ளையிடம் சொல்.

ஈஸ்டருக்கு பஸ் ஏறி வருகிறேன். உன் கையால் மீன் குழம்பு வேண்டும்.

அன்புடன்,
ஆர்தர்


ஈஜோக்
15 மார்ச் 1951

அண்ணா,

அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை கடைத்தெருவுக்குக் கிளம்பினார். நான் சட்டையை மடித்து மடித்துத் தேய்த்துக் கொடுத்தேன். கேட்டில் சோதித்தபோது பையில் படம் இருந்தது. ஒளிக்கவில்லை, அண்ணா. அவரே பிரித்துக் காட்டினாராம். வரிசையில் பின்னால் நின்ற காளியம்மா அக்கா பார்த்திருக்கிறார். "மைனான், மைனான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். விளையாட்டுச் சாமான் என்று மலாயில் சொல்லியிருக்கிறார். அந்தக் கான்ஸ்டபிளும் முதலில் சிரித்தானாம். பிறகு தன் கூண்டு அதில் இருப்பதைப் பார்த்தான். எத்தனை அடி தள்ளி என்று எண்கூடப் போட்டிருந்ததாம்.

ஜீப் வந்தது. வீட்டைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினார்கள். உங்கள் கடிதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் கொடுத்தேன். ரயில் போய் நிற்க ஓர் ஆலை வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்கள். எந்த ரயில், எந்த நாள் என்று கேட்டார்கள். பொம்மை ரயில் என்றேன். கூட வந்த தமிழ் ஆள், "வயசு வந்த ஆம்பள ரெண்டு பேரு பொம்மைக்கு அளவு எடுத்தாங்களா? யாருகிட்டம்மா கதை சொல்றே?" என்றான்.

ஜீப்பில் ஏறும்போதும் இவர் பயப்படவில்லை. "மச்சானுக்குச் சொல்லி அனுப்பு. வந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும்" என்றார்.

கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருப்பதாகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி செல்லையா விசாரித்துச் சொன்னார். எனக்கு அங்கே போய்ப் பேசத் தெரியாது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். உடனே வாருங்கள்.

யூஜினியா


ராசா
24 மார்ச் 1951

அன்புத் தங்கைக்கு,

நேற்று முன்தினம் உன் வீட்டிலிருந்து கிளம்பியபோது நல்ல செய்தியோடு எழுதுகிறேன் என்று சொன்னேன். கோலசிலாங்கூரில் பெரிய அதிகாரியைப் பார்க்க விட்டார்கள். உட்காரச் சொன்னார். என் கடிதத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அவர் மேசையில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கே பயமாக இருந்தது. நான் எழுதிய சொற்கள்தான். ஆனால் அன்பு, கேலி எதுவுமில்லாமல் ஆலை, ரயில், அளவு, சுற்றியுள்ள அனைத்தும் என்று மட்டும் இருந்தது.

எல்லாம் சொன்னேன். மேசை, மலை, பாலம் எல்லாம். "அப்படியானால் அந்த ஆலை எங்கே?" என்றார். பாதிதான் ஆகியிருக்கிறது என்றேன். "முடிந்ததும் கொண்டு வந்து காட்டு" என்றார். கேலியாகச் சொன்னாரோ மெய்யாகச் சொன்னாரோ தெரியவில்லை. நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டேன்.

யூஜினியா, வேறு சாட்சி நம்மிடம் இல்லை. அந்தக் கட்டடத்தைச் செய்து காட்டினால் படம் எதற்கென்று கண்ணுள்ள எவனுக்கும் புரியும். மாப்பிள்ளையின் படத்தையோ தர மறுக்கிறார்கள். நீதான் என் கண். முன்பக்கம் எத்தனை கதவு? ஜன்னல்கள் எந்தப் பக்கம்? ரப்பர் ஷீட்டைக் காயப்போடுகிற புகை வீடு எந்தப் பக்கம் ஒட்டி இருக்கிறது? பார்த்து எழுது. எதையும் தாளில் வரையாதே.

உன் அண்ணன்,
ஆர்தர்


ஈஜோக்
22 ஏப்ரல் 1951

அண்ணாவுக்கு,

முன்பக்கம் நான்கு கதவு. ஜன்னல்கள் வாய்க்கால் பக்கம் மட்டும். வேலிப் பக்கம் வெறும் சுவர். புகை வீடு கிழக்கே, சூரியன் உதிக்கிற பக்கம். போதுமா?

இதைப் பார்க்க எனக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கவில்லை. ஆலை ஆட்களுக்கான வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காளியம்மா அக்கா வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறோம். நான் இப்போது பால் மரம் வெட்டுகிறேன். பால் வாளியை ஆலை வாசலில் இறக்கிவிட்டு வரிசையில் நிற்கும்போது, உங்களுக்காகக் கதவுகளை எண்ணினேன். எண்ணுகிறேன் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே எண்ணினேன். உள்ளே வேறு ஆள் இஞ்சினை ஓட்டுகிறான். சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

அவரைத் தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். போன ஞாயிறு பார்த்தேன். இரண்டு கம்பி வலைக்கு அப்பால் நின்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், பாதி கேட்கவில்லை. தாடி வளர்ந்திருந்தது. ஜெனவீவ் அடையாளம் தெரியாமல் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

கிராணி செல்லையா, இவர் நல்ல மனிதர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மறுநாளே வந்து, "மன்னிச்சிரும்மா, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் குற்றமில்லை.

நீங்கள் கட்டடம் செய்கிறீர்கள் என்று அவரிடம் கத்திச் சொன்னேன். அது மட்டும் காதில் விழுந்தது. "கூரைக்கு ரெண்டு அடுக்கு, மச்சான் மறந்துறப் போறாரு!" என்று கத்தினார். அண்ணா, அவர் இன்னும் அதை விளையாட்டாகவே நினைக்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன்.

யூஜினியா


ராசா
1 ஜூலை 1951

அன்புத் தங்கைக்கு,

வியாழக்கிழமை கோலாலம்பூரில் விசாரணை நடந்தது. அங்கேயிருந்து நேராக உன்னிடம் வந்திருக்க வேண்டும். வரத் தைரியமில்லை. எழுதுகிறேன்.

நம் பங்குச் சாமியார் கொடுத்த கடிதத்தால் என்னைச் சாட்சியாக விட்டார்கள். கட்டடத்தை ரொட்டிப் பெட்டியில் வைத்து மடியிலேயே தூக்கிப்போனேன். நான் இதுவரை செய்ததில் அதுதான் மிகச் சிறந்தது, யூஜினியா. கூரைக்கு இரண்டு அடுக்கு வைத்தேன். துருப்பிடித்த தகரம் போல வர்ணம் கொடுத்தேன். பக்கத்தில் நின்றால் பால் வாடை வருமோ என்றிருந்தது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் வெள்ளைக்காரர், வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். மாப்பிள்ளையின் படத்தை விரித்து, என் கட்டடத்தை அதன் அருகில் வைத்தார்கள்.

"படத்தில் நான்கு கதவு. இதில் இரண்டுதானே?" என்றார்.

என்னிடம் இருந்த அட்டை ஸ்டேஷன் அட்டை, அதில் அவ்வளவு பெரிய கதவு இரண்டுதான் அச்சடித்திருந்தது என்றேன்.

"படத்தில் வேலிப் பக்கம் ஜன்னலே இல்லை. இதில் வரிசையாக இருக்கிறது."

அச்சடித்த சுவர் அப்படித்தான் என்றேன். இரண்டு கட்டடங்களைக் கலந்து மூன்றாவது ஒன்றைச் செய்வதைப் பற்றி விளக்கினேன். அப்படியே நகல் எடுப்பது முடியாது, ஜாடை வந்தால் போதும், அதுதான் இந்த வேலை என்றேன். "ஜாடை போதுமென்றால் அடிக்கணக்கில் அளவு எதற்கு?" என்று கேட்டார். மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல என்பதுதான் பதில். அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அவர் கேட்டது: "படத்தில் காவல் கூண்டு இருக்கிறது. பொம்மைக்காகத்தான் வரைந்தான் என்றால், உன் பொம்மையில் கூண்டு எங்கே?"

நான் செய்யவில்லை, யூஜினியா. கூண்டு படத்தில் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அதைச் செய்ய ஒரு தீப்பெட்டி போதும். ஆனால் என் மேசைமேல் வேலியும் காவலும் துப்பாக்கியும் இல்லாத ஓர் ஊர் இருக்கட்டும் என்றுதான் முதலிலிருந்தே ஆசைப்பட்டேன். அதை அங்கே எப்படிச் சொல்வது? சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் மாப்பிள்ளையை உள்ளே கொண்டுவந்தார்கள். மெலிந்துபோயிருக்கிறார். கட்டடத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து, கண்ணை ஆலை வாசல் மட்டத்துக்குக் கொண்டுபோய் உள்ளே பார்த்தார். "அடேயப்பா மச்சான்!" என்றார். அப்புறம், "ஆனா புகை வீடு எதிர்ப் பக்கம்லா இருக்கணும்" என்றார். வலது பக்கம்தான் ஒட்ட முயன்றேன், அந்தத் துண்டு இடது பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தியது என்று நான் சொல்வதற்குள், மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டார். "ஆக, இது அந்த ஆலை இல்லை என்று கைதியே சொல்கிறான்" என்றார் நடுவில் இருந்தவர்.

நான் கட்டையை ஊன்றி எழுந்து நின்றேன். என் காலைப் பாருங்கள், இதை எடுத்தவர்களுக்கா நான் உதவி செய்வேன் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "மிஸ்டர் ஆர்தர், அதனால்தான் உங்களைக் கைது செய்யவில்லை" என்றார்.

வெளியே வந்தபோது ஒரு பியூன் பின்னால் ஓடிவந்து பெட்டியைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு நடந்தேன்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஜெபம் செய்.

ஆர்தர்


ஈஜோக்
7 அக்டோபர் 1951

அண்ணாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. அவரை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள்.

அவர் இங்கே பிறக்கவில்லையாம். அப்பா தோளில் உட்கார்ந்து கப்பலில் வந்தவர். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால், அவருக்குத் தெரிந்தது மன்னார்குடிப் பக்கம் என்ற பெயர் மட்டும்தான். பேச்சு, வேலை, கல்யாணம் எல்லாம் இந்தத் தோட்டத்தில். அவருடைய அப்பா அம்மாவைப் புதைத்ததும் இங்கேதான்.

அடுத்த வாரம் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல். நானும் ஜெனவீவும் விரும்பினால் கூடப் போகலாம் என்றார்கள். போகிறோம்.

விசாரணையில் நடந்ததை அவரும் சொன்னார். புகை வீட்டைப் பற்றித் தான் வாய் திறந்திருக்கக் கூடாது என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கணும், இல்ல?" என்று கம்பிக்கு அப்பாலிருந்து என்னைக் கேட்கிறார்.

காளியம்மா அக்கா ஒரு டிரங்குப் பெட்டி கொடுத்தார். அதை நிரப்பக்கூட எங்களிடம் ஒன்றுமில்லை.

யூஜினியா


ராசா
10 அக்டோபர் 1951

என் தங்கையே,

போகாதே. மாப்பிள்ளை போகட்டும், நான் மேல்முறையீடு எழுதுகிறேன், கவர்னருக்கு எழுதுகிறேன், அவரைத் திரும்ப வரவழைக்கிறேன். அதுவரை நீயும் குழந்தையும் இங்கே வந்து இருங்கள். நீ பிறந்த நாடு இது. அங்கே உனக்கு யாரைத் தெரியும்? மேசையைப் பிரித்துவிட்டேன். கதவை வெளியே சாய்த்து வைத்தாகிவிட்டது. அறை காலியாக இருக்கிறது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஜெனவீவைக் கான்வென்டில் சேர்க்கலாம்.

இந்தக் கடிதத்தை ஈஜோக் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவரிடமே பதில் சொல்லி அனுப்பு. ஒரு வார்த்தை போதும்.

ஆர்தர்


ராசா
3 பிப்ரவரி 1952

அன்புத் தங்கைக்கு,

துறைமுகத்துக்கு வந்திருந்தேன். வேலிக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். யார் எங்கே ஏறினார்கள் என்று தெரியவில்லை. ஒரு குழந்தை கையாட்டியது. நானும் ஆட்டினேன். அது ஜெனவீவ்தானா என்று இன்றுவரை தெரியாது.

நவம்பரில் எழுதினேன், கிறிஸ்துமஸுக்கு எழுதினேன், புது வருடத்துக்கு எழுதினேன். மன்னார்குடி பங்குச் சாமியார் பார்த்துக் கொடுக்கவும் என்று மேலே போட்டிருந்தேன். ஒன்றாவது கிடைத்திருக்கும்.

என் மேல் உனக்குக் கோபமா? அதை மட்டுமாவது எழுது. திட்டி எழுது. மாப்பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்ததா? குழந்தை என்னைக் கேட்கிறாளா? மேல்முறையீட்டுக்கு இதுவரை பதிலில்லை. வந்ததும் எழுதுகிறேன். நீ எழுதாவிட்டாலும் நான் ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டே இருப்பேன்.

உன் அண்ணன்,
ஆர்தர்


மன்னார்குடி தாலுகா
தஞ்சாவூர் ஜில்லா
16 மார்ச் 1952

அன்புள்ள அண்ணாவுக்கு, யூஜினியா எழுதுவது.

உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இவருடைய சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தடுத்து இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் வயல் வேலைக்குப் போகிறேன். இந்தப் பக்கத்தில் இஞ்சின் எதுவும் இல்லை. இவருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. மலாயாக்காரன் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். அதனால் வெளியே போவதை விட்டுவிட்டார்.

நவம்பரில் தபால்காரர் வாசலில் நின்று, "மலாயா தபால்" என்று குரல் கொடுத்தார். இவர் எழுந்து முகம் கழுவினார். கப்பலில் போட்டு வந்த சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "படி" என்றார். நீங்கள் சுகமா என்று கேட்டதையெல்லாம் படித்தேன். முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஆர்டர் ரத்தாயிருச்சுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸ் கடிதத்துக்கும் அதே சட்டை, அதே கேள்வி. அதற்குப் பிறகு எழுந்திருக்க அதிக நாள் ஆயிற்று.

அதனால் அடுத்ததைத் தபால்காரரிடம் வழியிலேயே வாங்கி மறைத்துவிட்டேன். எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ரத்தான உத்தரவு வந்துவிட்டது, நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார். நான் வயலில் இருந்தபோது அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். டிரங்குப் பெட்டியின் அடித் தகரத்தைப் பெயர்த்துவிட்டார். ஜெனவீவ் பயந்து மாமரத்தடியில் போய் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பி வந்ததும், "எனக்கு நல்லது வந்தா ஒனக்கு ஏன்டி ஆகல?" என்று கேட்டார். ஒருநாளும் என்னை டி போட்டுக் கூப்பிட்டவர் இல்லை, அண்ணா.

பிப்ரவரியில் வந்ததைப் படித்துவிட்டு உடனே அடுப்பில் போட்டேன்.

கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் கோபத்தில் இதை எழுதவில்லை. நீங்கள் எவ்வளவு பிரியமாக எழுதுகிறீர்களோ அவ்வளவு இங்கே நாசமாகிறது. மேல்முறையீட்டுக்கு நல்ல பதில் வந்தால் சர்க்கார் நேராக இவருக்கே எழுதட்டும். உங்கள் கையெழுத்தில் இனி ஒன்றும் வர வேண்டாம். பண்டிகைக்கும் வேண்டாம். எனக்கு ஏதாவது ஆனால்கூட உங்களுக்குத் தெரியாமல் போகும். உங்களுக்கு ஏதாவது ஆனால் எனக்கும் தெரியாது. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தபால்காரரிடமும் சொல்லிவிட்டேன். மலாயா முத்திரையோடு எது வந்தாலும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வராமல் திருப்பி அனுப்பிவிடுவார். நல்ல மனிதர். ஏன் என்று கேட்கவில்லை.

ஜெனவீவ் நன்றாக இருக்கிறாள். இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

வெயிலில் அதிகம் நடக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
யூஜினியா